வைக்கோலை என்ன செய்வது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நான்தான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: வேளாண்மை வெட்டி முடிந்தபின் வயலில் மிஞ்சுவதை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பதில் வரும் என்று பார்த்தால் வந்ததெல்லாம் கேள்விகள். சிலது தபாலில், சிலது தொலைபேசியில். ஒன்றை குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) வைத்து ஒரு தம்பி என் கையில் தந்தார். பாதை மண்டூர்க் கரையைத் தொடுவதற்குள் கடை பில்லின் பின்பக்கத்தில் அவசரமாகக் கிறுக்கியது. முப்பது வருடம் சைக்கிளில் வட்டை வட்டையாக, அதாவது வயல்வெளி வயல்வெளியாகத் திரிந்து மற்றவர்களுக்கு ஆலோசனை சொன்னவன் நான். இப்போது வெல்லாவெளிப் பக்கம் இரண்டேக்கர் சொந்தமாகச் செய்கிறேன். ஆலோசனை சொல்வது எவ்வளவு லேசான வேலை என்று செய்யத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. ஆகவே கீழே இருப்பதில் பாதி படித்தது, பாதி பட்டது.

கேள்வி: மெசினால் வெட்டிய பிறகு வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடக்கிறது. அதோடு உழுதால் கலப்பையில் சுற்றுகிறது. எங்கள் வட்டையில் எல்லோரும் கொளுத்துகிறார்கள், நானும் கொளுத்துகிறேன். சாம்பலும் பசளைதானே, இதில் என்ன குற்றம்?
– விவசாயி, கொக்கட்டிச்சோலை

குற்றம் குறையை விடுங்கள் தம்பி, முதலில் கணக்குப் பார்ப்போம். உங்கள் வயல் ஏக்கருக்கு எண்பது புசல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். புசல் ஏறத்தாழ 21 கிலோ. ஆக 1,700 கிலோ நெல். நெல் எவ்வளவோ, வைக்கோலும் கிட்டத்தட்ட அவ்வளவு. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் ஐந்தில் நாலு பங்கு மணிக்குப் போவதில்லை, வைக்கோலில்தான் நிற்கிறது. பசளை மூட்டையில் போடும் கணக்குப்படி வைக்கோலின் நிறையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பொட்டாஷ் என்று எடுத்தால், 1,700 கிலோவில் 25 கிலோ. எம்.ஓ.பி. என்கிற பொட்டாஷ் பசளை மூட்டையில் பொட்டாஷ் நூற்றுக்கு 60. அப்படியென்றால் உங்கள் ஒரு ஏக்கர் வைக்கோலுக்குள் 42 கிலோ எம்.ஓ.பி. கிடக்கிறது. மூட்டை 50 கிலோ. ஒரு மூட்டைக்கு எட்டுக் கிலோதான் குறைவு. கடையில் இன்று அந்த மூட்டை என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அதற்கு மேல் ஒரு பத்துக் கிலோ நைதரசன் இருக்கிறது. யூரியாவாகப் பார்த்தால் இருபது கிலோவுக்குச் சற்றுக் கூட.

கொளுத்தினால் நைதரசன் கிட்டத்தட்ட முழுக்கப் புகையோடு போய்விடும். பொட்டாஷில் பெரும்பகுதி சாம்பலில் நிற்கும், அதில் நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சாம்பல் எங்கே நிற்கிறது? மெசின் விட்டுப்போன வரிசையில் மட்டும். நடுவில் உள்ள மண்ணுக்கு ஒன்றுமில்லை. பிறகு கச்சான் காற்று தொடங்கினால் கொஞ்சம் பக்கத்து வயலுக்கு. மிஞ்சியது முதல் மழையோடு, வரம்பில் நீர் வடிய வெட்டிய வக்கடை வழியே வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து வாவிக்கு. மீனுக்குப் பசளை போட்ட கணக்கு.

எங்கள் மூத்தப்பா காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. வெட்டிய கதிரை உப்பட்டியாகக் கட்டி, சூடு என்று குவியலாக அடுக்கி, களவெட்டியில் மாடு விட்டு மிதித்தார்கள். வைக்கோல் எல்லாம் ஒரே இடத்தில் போராக நிற்கும், மாட்டுப் பட்டிக்காரர் வந்து கெஞ்சிக் கேட்டு வாங்கிப் போவார். மெசின் வந்ததும் அது வயல் முழுக்கச் சிதறிவிட்டது. பொறுக்குவதற்குக் கூலி கட்டாது. தீக்குச்சி மலிவு. நீங்கள் சோம்பேறித்தனத்தில் கொளுத்துகிறீர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் வயல் மானாவாரி என்றால் எதுவுமே பெரிதாகச் செய்யத் தேவையில்லை. மாரிப்போக வெட்டு மாசி, பங்குனியோடு முடிகிறது. அடுத்த உழவு ஆவணி, புரட்டாதியில். இடையில் ஐந்தாறு மாதம் நிலம் சும்மா கிடக்கிறது. வெட்டின கையோடு வரிசையை வாரியால் அல்லது தடியால் கலைத்துப் பரப்பிவிடுங்கள், ஏக்கருக்கு இரண்டு பேர் அரை நாள் வேலை. மாடு வந்து மேயட்டும், மேய்ந்த இடத்தில் சாணமும் போடும். சித்திரை மழை ஒன்றிரண்டு விழுந்தால் வைக்கோல் நைந்துவிடும், முதல் உழவில் கலப்பையில் சுற்றாது. மானாவாரிக்காரர் கொளுத்துவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை, பக்கத்து வயல்காரர் கொளுத்துகிறார் என்பதைத் தவிர.

உன்னிச்சை, நவகிரிக் குளத்து நீரில் சிறுபோகமும் செய்கிறவர்களுக்குத்தான் சிக்கல். இடைவெளி குறைவு. பச்சையாக வைக்கோலை மடக்கி உழுதுவிட்டு அடுத்த கிழமை விதைத்தால் பயிர் மஞ்சளாகும், பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைப் பார்த்துப் பயந்துதான் தீக்குச்சிக்குத் திரும்பினார்கள். நடப்பது இதுதான்: வைக்கோலை உக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு முப்பது பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் வேண்டும். வைக்கோலில் அறுபது, எண்பதுக்கு ஒன்று. வெறுஞ் சோறு மாதிரி. கறிக்கு எங்கே போகும்? உங்கள் மண்ணில் இருக்கும் நைதரசனை எடுத்துக்கொள்ளும், நாற்று பட்டினி கிடக்கும். போதாததற்கு நீர் கட்டிய சேற்றுக்குள் காற்றில்லாமல் உக்கும்போது வரும் அமிலங்கள் வேரையும் சுடும். ஆகவே விதைப்புக்குக் குறைந்தது மூன்று கிழமைக்கு முன்னால் மடக்கி உழவேண்டும். அந்த மூன்று கிழமை கிடைக்காதவர், வயல் முழுதையும் நினைத்து மலைக்காமல், வாடிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு வரவை (வரம்பு கட்டிய வயல் துண்டு) வைக்கோலை மட்டும் மேட்டில் குவித்து, உக்கி எருவாகும் கும்பியாக்கட்டும். மிச்சத்தைப் பட்டிக்காரருக்குச் சும்மா கொடுத்தாலும் கொளுத்துவதைவிட மேல்.

கேள்வி: கும்பி போடுவதற்குச் சரியான அளவு சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டுப்பிரசுரத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.
– வாசகர், வவுணதீவு

நான் வைத்திருக்கும் அளவு ஒன்றுதான்: நிறைக்கு நிறை. காய்ந்த வைக்கோல் ஒரு பங்கு, பச்சைச் சாணம் ஒரு பங்கு, பச்சை இலை ஒரு பங்கு. சீமைக்கிளுவை இருந்தால் அதைவிட வேறு வேண்டாம், இல்லாவிட்டால் பூவரசு, எருக்கலை, வேலியில் வெட்டியது எதுவும். சோறு, பருப்பு, கறி என்று நினைத்தால் மறக்காது. நிறை என்கிறேன், கடகக் கணக்கு இல்லை. வைக்கோல் பத்துக் கடகம் வரும், சாணம் ஒன்றரைக் கடகத்தில் முடிந்துவிடும். சாணம் கிடைக்கவே இல்லையா? 100 கிலோ வைக்கோலுக்கு ஒரு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். இயற்கைப் பசளைக்காரர் கோபிப்பார்கள். கும்பி கோபிக்காது.

அகலம் ஐந்தடி, உயரம் நாலு, நாலரை அடி. இதைவிடச் சின்னதாகப் போட்டால் உள்ளே சூடு பிடிக்காது. நீளம் உங்கள் வசதி. அடியில் தடிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புங்கள், காற்றுப் போகும். வைக்கோலை அடுக்குவதற்கு முன்னால் நன்றாக நனைக்க வேண்டும். அடுக்கி முடித்த பிறகு மேலே ஊற்றினால் தண்ணீர் ஓரத்தால் ஓடிவிடும், நடுவில் உலர்ந்தே கிடக்கும். வைக்கோலின் மேல்தோல் மெழுகு மாதிரி, லேசில் குடிக்காது.

நம் பக்கத்துக்கு நான் கண்ட ஒரு விஷயம் பிரசுரங்களில் இல்லை. மாரியில் மேலே, கோடையில் கீழே. ஆனி, ஆடிக் கச்சானில் மேட்டில் போட்ட கும்பி நாலு நாளில் சருகாகிவிடும். அப்போது இரண்டடி கிடங்கு வெட்டி அதற்குள் போட்டு, மேலே கிடுகு போட்டு மூடுங்கள். மாரியில் கிடங்கு குளமாகிவிடும், ஆகவே மேட்டில் போட்டுத் தறப்பாளால் மூடவேண்டும். மேடு என்றால் உண்மையான மேடு. நான் வேலையை விட்டு வந்த புதிதில், எல்லோருக்கும் செய்து காட்டுகிறேன் பார் என்று, கார்த்திகையில் வரம்போரத்தில் பெரிய கும்பி ஒன்று போட்டேன். 2011 ஜனவரி வெள்ளம் வந்தது. வெள்ளம் வற்றிப் போய்ப் பார்த்தால் கும்பி இருந்த இடத்தில் அடித் தடி நாலு கிடந்தது. “உங்கட பசளை இப்ப நாவற்குடாப் பக்கம் போயிருக்கும்” என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

சூடு பிடித்ததா என்று பார்க்க மானி வேண்டாம். அலவாங்கை நடுவில் குத்தி வைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து இழுங்கள். முனையைப் பிடிக்க முடியாமல் கை சுட்டால் 55, 60 பாகை இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சூட்டில் பல நாள் நின்றால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். பன்றி நெல் என்கிற களை நெல் உள்ள வயல் வைக்கோல் என்றால் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஓரத்தில் இருப்பதற்குச் சூடு ஏறாது என்பதால்தான் புரட்டச் சொல்கிறோம். வெளியே இருந்தது உள்ளே போகவேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் புரட்டினால் மூன்று மாதம். புரட்டாமல் விட்டாலும் உக்கும், ஆனால் அடுத்த வருடம்.

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் பரல் ஒன்றில் குப்பை போடுகிறேன். தாங்க முடியாத நாற்றம், இலையான், புழு. பக்கத்து வீட்டில் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.
– ஆசிரியை, களுவாஞ்சிகுடி

மகள், அந்தப் பரலுக்குள் மீன் கழிவு போகிறது, இல்லையா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் கடலோர எழுவான்கரையில் மீன் இல்லாத குப்பை ஏது. மீன் செதில், குடல், இறால் கோது எல்லாம் நல்ல சாமான், நைதரசன் நிறைய. ஆனால் அது வெறும் கறி. சோறு இல்லை. ஒரு பிடி மீன் கழிவுக்கு ஒரு கடகம் சருகு போடுங்கள். மா இலை, பலா இலை, தென்னந்தும்பு, கிடைக்கும் காய்ந்தது எதுவும். மீனை எப்போதும் நடுவில் புதைக்க வேண்டும், மேலே தெரியக் கூடாது.

இன்றைக்குச் செய்யவேண்டியது: பரலைக் கவிழ்த்து வெளியே கொட்டுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் கடைக்குப் போன நேரம் பார்த்து. சருகு கலந்து திரும்பப் போடுங்கள். ஒரு பிடி எடுத்துக் கையால் இறுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் ஒழுகினால் ஈரம் கூடிவிட்டது, ஒரு சொட்டு இரண்டு சொட்டு விரலிடுக்கில் வந்தால் சரி, கை விரித்ததும் உதிர்ந்துவிட்டால் காணாது. பரலின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை இருக்கவேண்டும். அழுகல் நாற்றம் என்றால் காற்றில்லை என்று அர்த்தம், மூக்கில் எரிகிற நாற்றம் என்றால் கறி கூடிவிட்டது.

கேள்வி: எங்கள் ஊர் ஆலைகளில் உமி மலைபோல் குவிகிறது. சும்மா தருகிறார்கள். ஒரு லோட் ஏற்றி வந்து கிடங்கில் போட்டு ஒரு வருடமாகிறது. இன்னும் உமியாகவே இருக்கிறது. ஏதும் மருந்து உண்டா?
– முன்னாள் ஆலைத் தொழிலாளி, சம்மாந்துறை

காக்கா, இன்னும் ஒரு வருடம் வைத்தாலும் அது உமியாகத்தான் இருக்கும். நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை முழுக்க எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, மணலில் இருக்கிறதே அதே பொருள். மணல் உக்குமா? நெல்மணியைப் பூச்சியிடமிருந்தும் மழையிடமிருந்தும் காப்பதற்கென்றே செய்த உறை அது.

ஆனால் வீசாதீர்கள். முதல் வேலை, கோழிக்கூட்டில் மூன்று நாலு அங்குலம் பரப்புங்கள். கோழி அதைக் கிளறும், எச்சம் போடும், நாலைந்து மாதத்தில் உமி எச்சத்தில் ஊறிவிடும். பிறகு அதை வைக்கோல் கும்பியில் சாணத்துக்குப் பதிலாகப் போடலாம். கோழி எரு சாணத்தைவிடக் காரம், ஆகவே அளவில் பாதி போதும். கும்பியில் சேர்ந்த உமி முழுக்க உக்காவிட்டாலும் மண்ணைப் பொலபொலப்பாக வைக்கும், சம்மாந்துறைக் களிமண்ணுக்கு அது நல்லது.

இரண்டாவது, கரியாக்குவது. சாம்பலாக்குவது வேறு, கரியாக்குவது வேறு. ஓட்டை போட்ட தகர டின் ஒன்றுக்குள் நெருப்பு மூட்டி, அதற்கு மேல் புகைபோக்கி மாதிரி ஒரு குழாய் நிறுத்தி, சுற்றிலும் உமியைக் குவியுங்கள். உள்ளிருந்து வெளியே மெல்ல மெல்லக் கறுத்து வரும். முழுக்கக் கறுத்ததும் உடனே தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். சுணங்கினால் வெள்ளைச் சாம்பலாகிவிடும், அங்கேதான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். நாற்றுமேடைக்கு அந்தக் கரி அருமை. காற்றில்லாத காலை நேரத்தில், வீட்டுக்குத் தள்ளிச் செய்யுங்கள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். ஆலையில் எத்தனை வருடம் அந்தத் தூசியைச் சுவாசித்தீர்களோ, இனியும் வேண்டாம்.

கேள்வி: கிட்டங்கிப் பாலத்தடியில் நீரில் மிதக்கும் ஆற்றுவாழைச் செடி அடைத்துக் கிடக்கிறது. அள்ளினால் பசளையாகுமா?
– இளைஞர் கழக உறுப்பினர், நாவிதன்வெளி

ஆகும். ஆனால் எவ்வளவு ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஆற்றுவாழையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். நூறு கிலோ அள்ளி ஏற்றினால் காய்ந்த பின் ஆறேழு கிலோ. பத்துப் பேர் பகல் முழுக்க இடுப்பளவு நீரில் நின்று அள்ளியதை அடுத்த கிழமை பார்த்தால் மனம் விட்டுப்போகும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். கரையிலேயே மூன்று நாள் காயவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். வாகனச் செலவு பாதிக்கும் கீழே வரும். வாடிய ஆற்றுவாழை பச்சை இலைக்குப் பதிலாக நிற்கும், வைக்கோலோடு நன்றாகச் சேரும்.

இரண்டு எச்சரிக்கை. ஊர்க் கழிவுநீர் விழும் இடத்தில் வளர்ந்த ஆற்றுவாழையின் வேர் அந்த நீரில் உள்ள உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும். அதைப் பூங்கன்றுக்கும் தென்னைக்கும் போடுங்கள், கீரைக்கு வேண்டாம். அடுத்தது, அதன் விதை சேற்றுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சூடு ஏறாத கும்பியை வயலுக்குப் போட்டால் ஆற்றில் இருந்த வியாதியை வாய்க்காலுக்குக் கொண்டுபோன மாதிரி. 1909இலேயே இந்தச் செடியை ஒழிக்க இலங்கையில் தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். நூற்றுப் பதினைந்து வருடத்துக்கு மேலாயிற்று, செடி இன்னும் பாலத்தடியில் நிற்கிறது. உங்கள் கழகம் ஒரு முறை அள்ளிப் படம் எடுத்துவிட்டுப் போனால் இரண்டு மாதத்தில் பழையபடி மூடிவிடும். தொடர்ந்து அள்ள ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: எருக் கும்பியைக் கிளறினால் பெருவிரல் தடிப்பில் வெள்ளைப் புழுக்கள். இவை எருவை நல்லதாக்கும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
– வாசகி, திருக்கோவில்

வளைந்து, மண்ணிறத் தலையோடு இருக்கிறதா தங்கச்சி? அப்படியென்றால் அது காண்டாமிருக வண்டின் பிள்ளை. கும்பிக்குள் இருக்கும் வரை எருவைத்தான் தின்னும், அந்த அளவுக்குச் சொன்னவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் வளர்ந்து வண்டானால் நேரே தென்னங்குருத்துக்குப் போகும். விரிந்த ஓலையில் கத்தரிக்கோலால் வெட்டியது போல் முக்கோணம் தெரிந்தால் அது இவர் வேலை. புரட்டும்போதெல்லாம் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், கோழிகளுக்கு அன்று கல்யாணச் சாப்பாடு. இது மூன்று நாலு மாதம் புழுவாகவே கிடப்பதால் ஒழுங்காகப் புரட்டுகிறவர் கையிலிருந்து தப்பாது. தென்னந்தோட்டத்தில் கும்பியைப் போட்டுவிட்டு வருடம் முழுக்க மறந்துவிடுகிறவர்தான் வண்டு வளர்க்கிறார். சின்னதாய், தட்டையாய், சாம்பல் நிறத்தில் நெளிகிற புழு வேறு. அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: கச்சான் கோது, மரமுந்திரிகைக் கோது இரண்டையும் கும்பியில் போடலாமா?
– பாடசாலை மாணவி, வாகரை

கச்சான் கோது போடலாம் மகள், மிதித்து நொறுக்கிப் போட்டால் கெதியில் உக்கும். முந்திரிக் கோது வேண்டவே வேண்டாம். அதன் எண்ணெய் தோலில் பட்டால் பொக்களிக்கும், வறுக்கிற அம்மாக்களின் விரலைப் பார்த்தால் தெரியும். முந்திரிப் பழச் சக்கை போடலாம். (நம்மிடம் கச்சான் என்றால் காற்றும் அதுதான், கடலையும் அதுதான். இரண்டும் ஒரே காலத்தில் வருவதால் வந்த பெயரா என்று என் பேரன் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. உங்கள் தமிழ் ஆசிரியரிடம் கேட்டு எழுதுங்கள்.)

கேள்வி: கெதியாக உக்க வைக்கும் திரவம் என்று போத்தலில் விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், ஏறாவூர்

பழைய எரு ஒரு கடகம் தூவினால் அதே வேலை நடக்கும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல தறப்பாள் வாங்குங்கள்.

கேள்வி: 2021இல் யூரியா இல்லாமல் கூட்டெரு மட்டும் போட்டு அப்பா பெரிய நட்டப்பட்டார். இப்போது நான் கும்பி போடலாம் என்றால் “அந்தக் கதையை என் வாசலில் பேசாதே” என்கிறார். யார் பக்கம் சரி?
– பாதையில் வைத்துக் கடிதம் தந்த தம்பி, செங்கலடி

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பாவின் கோபம் நியாயமானது. அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், அதற்குள் இங்கே மாரிப்போக விதைப்பு பெரும்பாலும் முடிந்துவிட்டது. நானும் அதே சேற்றில்தான் நின்றேன். என் கும்பி இரண்டேக்கருக்குக் காணாது, ஆகவே வெளியில் மூட்டை மூட்டையாகக் கூட்டெரு வாங்கினேன். வாயை அவிழ்த்தால் பொலித்தீன், போத்தல் ஓடு. கையை உள்ளே விட்டால் சூடு. சூடாக இருந்தால் அது இன்னும் எரு ஆகவில்லை, உக்கிக்கொண்டிருக்கிறது. முப்பது வருடம் ஊருக்குப் பாடம் நடத்தினவன் அது தெரிந்தும் போட்டேன், வேறு வழி இல்லை என்று நினைத்தேன். பயிர் மஞ்சளாகி அப்படியே நின்றுவிட்டது. எண்பது புசல் தரும் நிலம் முப்பத்தெட்டுத் தந்தது.

பிழை எங்கே என்பதைக் கணக்கு சொல்லும். ஏக்கருக்கு 90 கிலோ யூரியா போடுகிற வயல் என்றால் அதில் 41 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, ஒன்றேகால். அதே 41 கிலோ வேண்டுமென்றால் மூன்றேகால், நாலு தொன் போடவேண்டும். அதுவும் ஒரே போகத்தில் வெளியே வராது, முதல் போகத்தில் காற்பங்கு வந்தால் பெரிது. அப்போது கணக்குப் பதின்மூன்று, பதினாறு தொன்னில் போய் நிற்கும். ஒரு ஏக்கருக்கு, ஒரு போகத்துக்கு! அவ்வளவு சாணத்துக்கு மாதவணை மேய்ச்சல் தரை மாடெல்லாம் வந்து வாசலில் நின்றாலும் முடியாது. கூட்டெருவை யூரியாவின் கதிரையில் ஒரே இரவில் உட்கார வைத்தது பிழை. அது அந்தக் கதிரைக்குப் பிறந்த ஆள் இல்லை.

அதன் வேலை வேறு. பொட்டாஷைத் திருப்பித் தரும், அது உடனே பயிருக்குக் கிடைக்கும். உங்கள் பக்கத்து மணல் கலந்த மண்ணில் தண்ணீரும் பசளையும் கீழே ஓடாமல் பிடித்து வைக்கும். போட்ட யூரியா வீணாகாமல் நிற்க உதவும். இது ஒரு போகத்தில் கண்ணுக்குத் தெரியாது, மூன்றாவது நாலாவது போகத்தில் மண்வெட்டியை வெட்டும்போது கையில் தெரியும்.

ஆகவே அப்பாவிடம் முழு வயலையும் கேட்காதீர்கள். தண்ணீர் ஏறி இறங்குவதற்கு வசதியான ஒரு வரவை மட்டும் கேளுங்கள். இந்த மாரிப்போக வைக்கோலில் கும்பி போட்டால் ஆவணிக்குள் தயாராகிவிடும். கறுத்து, பொலபொலவென்று, மழை பெய்த மண் வாசம் வரவேண்டும். சந்தேகம் என்றால் ஒரு சிரட்டையில் அந்த எருவையும் மண்ணையும் பாதிப் பாதி போட்டுப் பத்துப் பயறு ஊன்றுங்கள். எட்டு ஒன்பது முளைத்து, இலை பச்சையாக நின்றால் வயலுக்குப் போகலாம். ஐந்தாறுதான் முளைத்தது, அல்லது முளைத்தது கருகியது என்றால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். அந்த வரவைக்கு யூரியாவில் கை வைக்க வேண்டாம், வழக்கம்போல் போடட்டும். எம்.ஓ.பி.யை மட்டும் பாதியாகக் குறையுங்கள். பக்கத்து வரவைக்கு எல்லாம் அப்பா எப்போதும் போடுகிற மாதிரியே போடட்டும்.

வெட்டுகிற அன்று மெசின்காரருக்கு ஐந்து நிமிடம் கூடக் கொடுத்து அந்த இரண்டு வரவை நெல்லையும் வேறு வேறாக மூட்டை கட்டுங்கள். தராசு கொண்டுவந்து அங்கேயே நிறுங்கள். நிறுக்கும்போது துண்டில் எழுதுவது அப்பாவாக இருக்கட்டும். கூடினாலும் குறைந்தாலும் அந்தத் துண்டை எனக்கு அனுப்புங்கள். பாதையில் கண்டால் கையிலேயே தாருங்கள்.